உறுப்பும் உறுப்பினரும்

நாள்தோறும் வழங்கியே பொருளை மறந்துவிட்ட சொற்கள் தமிழில் பல. ‘உறுப்பினர்’ என்பது அவற்றுள் ஒன்று. கூட்டுறவுக் கடைக்கு உறுப்பினர், நூலகத்திற்கு உறுப்பினர், சங்கத்திற்கு உறுப்பினர் என்று எழுதுகிறோம். சந்தா செலுத்தியவர், பெயர் பதிந்தவர் என்பதற்குமேல் அச்சொல்லில் நாம் எதனையும் காண்பதில்லை. ஆயின் சொல்லின் உள்ளே கிடப்பது ‘உறுப்பு’. கையும் காலும் கண்ணும் செவியும் உறுப்புகள். அவை உடலிடம் பெயர் பதிந்துகொண்டவை அல்ல. உடலின் உயிரால் வாழ்ந்து, தத்தம் தொழிலால் உடலை வாழ்விப்பவை. மரத்துப்போன விரலும் எண்ணிக்கையில் விரலே. பத்து விரல் என்று எண்ணுபவன் அதனையும் சேர்த்தே எண்ணுவான். எழுதுகோலை எடுக்கும்போதுதான் அவனுக்கு உண்மை தெரியும்.

இன்னொரு சொல் ‘சபை’. கிறித்தவர் தம் வழிபாட்டுச் சமூகத்தைச் சபை என்றும் திருச்சபை என்றும் அழைப்பர். அதே சொல்லை நாடக மேடையிலும் கேட்கிறோம். ‘சபையோர்க்கு வணக்கம்’ என்று கட்டியங்காரன் சொன்னால், காண வந்து அமர்ந்திருப்போரைக் குறிக்கிறான். ஒரே சொல் இரண்டு நிலைகளை உணர்த்துகிறது: சேர்ந்து ஒன்றாகும் கூட்டம் ஒன்று, பார்த்துவிட்டு எழுந்து போகும் கூட்டம் மற்றொன்று. ஞாயிறு காலையில் பலகையில் வந்து அமரும் தனி மனிதன் இவ்விரண்டனுள் எச்சபையைச் சேர்ந்தவன் என்பதே நான் இங்கு ஆராய விரும்பும் கேள்வி. சமயத்தைப் பற்றிய கேள்வியாக இது தோன்றினும், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கத்திற்கும் நம் எழுத்தாளர் கூட்டங்களுக்கும் இது பொருந்தாமற் போகாது.

இவ்வுறுப்பு உவமை கிறித்தவ மரபில் மிகப் பழையது. கத்தோலிக்க முதியோர் சின்னப்பர் என்றும் பிறர் பவுல் என்றும் வழங்கும் திருத்தொண்டர், ஏறத்தாழ கி.பி. 55ஆம் ஆண்டில் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய மடலில் இதனை விரித்துரைக்கிறார். கண் கையைப் பார்த்து நீ வேண்டா என்று சொல்ல இயலாது என்பதும், வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே உடலுக்கு மிகவும் இன்றியமையாதவை என்பதும் அவர் கருத்து. இவ்வழகிய உவமையை மேற்கோள் காட்டுவோர் பலர், அது பிறந்த சூழலைக் கூறுவதில்லை. கொரிந்தியர் கூடி உண்ணும் விருந்தில் வசதியுடையோர் முன்னரே வந்து வயிறார உண்டுவிடுவர். உழைத்துக் களைத்து வருவோர் பசியோடு நிற்பர். பவுலடிகளை எழுதத் தூண்டிய வேதனைகளுள் அப்பசியும் ஒன்று. நம் வள்ளுவரும் அன்பை ‘அகத்துறுப்பு’ என்றே குறித்தார். அஃதில்லாதவர்க்குப் புறத்தே உள்ள உறுப்புகளால் என்ன பயன் என்று வினவினார். இரண்டு வெவ்வேறு நிலங்களில் இரண்டு அறிஞர் ஒரே உவமையைக் கைக்கொண்டமை தமிழாசிரியர் மாணவர்க்கு எடுத்துரைக்கத்தக்க செய்தி.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஞாயிறு காலையில் நடந்து பார்த்தவர்க்கு இக்கேள்வி ஏட்டுக் கேள்வியாகத் தோன்றாது. செங்கற்சூளைகளால் பெயர் பெற்று, இரயில்வே ஊழியர் குடியிருப்புகளால் வளர்ந்த ஊர் அது. பாத்திமா அன்னை கோயிலும், தமிழ் மெதடிஸ்ட் ஆலயமும், தரங்கம்பாடி மரபில் வந்த லூத்தரன் சபையின் சீயோன் ஆலயமும், பௌத்த விகாரையும், இந்துக் கோயில்களும் கூப்பிடு தூரத்தில் அமைந்த இடம் நம் நாட்டில் அரிது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் வேலைக்கு வந்தவரும், தமிழ்நாட்டிலிருந்து கூலிக்கு வந்தவரும், தோட்டத்தை விட்டு நகரத்திற்கு வந்தவரும் இவ்வாலயங்களின் பலகைகளில் அருகருகே அமர்ந்தனர். அருகருகே அமர்ந்தனர் என்பது உறுதி. ஒருவரையொருவர் அறிந்தனரா என்பது வேறு கேள்வி.

அக்கேள்விக்கு விடையாக நான் கண்ட ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். சபையின் பெயரையும் அவர் பெயரையும் கூறேன். இரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்று நாங்கள் அழைத்த வரிசை வீடுகளில் நெடுங்காலம் குடியிருந்தவர். அவ்வீடுகள் இன்று இல்லை. அவர் மூப்பரும் அல்லர், சபைக்குழுவில் இருந்தவரும் அல்லர். பாடகர் குழுவில் சேர்க்கத் தகுந்த குரலும் அவருக்கு வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்பதை அவர் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. வழிபாடு தொடங்க அரைமணி நேரத்திற்கு முன்பே வந்து கடைசிப் பலகையின் ஓரத்தில் அமர்வார். அவருடைய சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடும் குட்டைப் பென்சிலும் இருக்கும்.

வருவோரைக் கணக்கெடுக்கிறார் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அவர் எழுதியது வராதோர் பெயரை. ஒரு பெயர் இரண்டு ஞாயிறுகள் தொடர்ந்து ஏட்டில் ஏறினால், அடுத்த வாரத்தில் ஒரு மாலை அவருடைய மிதிவண்டி அவ்வீட்டு வாயிலில் நிற்கும். ‘ஏன் கோயிலுக்கு வரவில்லை?’ என்று அவர் கேட்டதாக ஒருவரும் சொன்னதில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த முருங்கை மரத்துக் காய் நாலைந்தைக் கட்டிக்கொண்டு போவார். அல்லது அரசாங்கத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றைப் படித்துக்காட்டச் சொல்வார். தேநீர் குடிப்பார். நோயாயின் கண்ணால் காண்பார், சண்டையாயின் காதால் கேட்பார், வறுமையாயின் அடுப்பைப் பார்த்தே அறிந்துகொள்வார். மறுநாள் போதகரிடம் ஒரு சொல் போய்ச் சேரும். அதற்குமேல் அவர் செய்வதில்லை.

அவர் மறைந்தபோது நான் அச்சபையின் செயலராக இருந்தேன். அடக்க வழிபாட்டில் நல்லவர், எளியவர் என்று எல்லாரும் பேசினோம். அவர் செய்த வேலை நின்றுபோனதை நாங்கள் அறியவில்லை. அவ்வேலைக்குப் பெயர் இல்லை. ஆகவே அவ்விடம் வெறுமையாயிற்று என்று அறிவிக்கவும் வழியில்லை. அவ்வாண்டு நான் எழுதிய ஆண்டறிக்கை நன்றாக இருந்தது என்று பாராட்டினர். காணிக்கை உயர்ந்திருந்தது, கூரை செப்பனிடப்பட்டிருந்தது, உறுப்பினர் எண்ணிக்கை குறையவில்லை.

சில மாதங்களின்பின் கிள்ளான் பேருந்து நிலையத்தில் ஓர் அம்மாவைக் கண்டேன். எங்கள் சபைக் குடும்பத்தினர். கணவர்க்கு வேலையிடத்தில் முதுகில் அடிபட்டு வருமானம் நின்றுவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாடகையைக் கட்ட முடியாமல் அண்ணன் வீட்டோடு வந்து ஒண்டியிருந்தனர். இரண்டு பிள்ளைகளும் பள்ளி மாறிவிட்டனர். இவற்றையெல்லாம் அவர் எனக்குச் செய்தியாகவே சொன்னார், குறையாகச் சொல்லவில்லை. பேருந்து வந்ததும் ஏறப் போனவர் திரும்பி, “நாங்க வராதது தெரியலையா சார்?” என்று கேட்டார்.

தெரியவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து பதிவேட்டைப் புரட்டினேன். கணவன், மனைவி, பிள்ளைகள் இருவர் என்று நால்வர் பெயரும் என் கையெழுத்திலேயே இருந்தன. குறையவில்லை என்று நான் அறிக்கையில் எழுதிய எண்ணிக்கையில் அந்த நால்வரும் அடக்கம்.

இத்தகைய பணி போதகருடைய பணி அன்றோ என்று கேட்பார் உண்டு. அவருக்குத்தானே சம்பளம், அவர்தாமே அதற்கென்று பயின்றவர் என்பர். இவ்வாதம் நேர்மையானதாகவே தோன்றும். ஆனால் இருநூறு குடும்பங்களுக்கு ஒரு போதகர் இருக்கும் இடத்தில், அவர் நாள்தோறும் ஒரு வீட்டுக்குச் சென்றாலும் எல்லா வீட்டையும் பார்த்து முடிக்க ஆறு மாதத்திற்குமேல் ஆகும் என்பது கணக்கு. மேலும் நம் மக்கள் போதகரிடமும் குருவானவரிடமும் நலமாக இருக்கிறோம் என்றே சொல்வர். அது மரியாதை. முருங்கைக்காயோடு வரும் கிழவரிடம் அம்மரியாதை தேவைப்படுவதில்லை.

வரலாறும் இவ்வாதத்திற்குத் துணை நிற்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணத்தார் பலரின் முன்னோர் ஊரிலேயே சான்று உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். குருவானவர் ஒருவருக்கு வீட்டில் இடங்கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கோயில்கள் கைமாறின. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் கழிந்து, 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்னும் துறவி பிச்சைக்காரர் கோலத்தில் அங்கே வந்து சேர்ந்தார். தம்மவரை எவ்வாறு இனங்காண்பது என்று அறியாமல், செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அம்மாலையைக் கண்டு முகம் மாறிய வீடுகளை அவர் மனத்தில் குறித்துக்கொண்டார். சில்லாலையில் அவரை மறைத்துக் காத்தவர் ஊர் மக்கள்.

நான் வியப்பது அத்துறவியின் துணிவை மட்டுமன்று. 2015இல் கொழும்பு நகரில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் புகழ் நிலைத்துவிட்டது. குருவும் இல்லாமல், பூசையும் இல்லாமல், கோயிலும் இல்லாமல் இருபத்தொன்பது ஆண்டுகள் அவ்வீடுகளில் செபம் சொல்லிக்கொடுத்தவர் யாவர்? தாய்மாரும் பாட்டிமாரும் ஊர்ப் பெரியவர்களுமாகவே இருந்திருத்தல் வேண்டும். அவர்களுக்குப் பெயர் இல்லை. மூப்பர், அண்ணாவியார் என்று பொதுநிலை மக்களிடம் பொறுப்பை ஒப்படைக்கும் முறையைப் பின்வந்த குருமார் வலுப்படுத்தினார்கள் எனின், ஏற்கெனவே பொறுப்பைச் சுமந்து பழகிய தோள்கள் அங்கே இருந்தமையே காரணம்.

மலாயாவிலும் அத்தகைய சோதனை வந்தது. 1942 சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. நாட்டைவிட்டு வெளியேறாத ஆங்கிலேய, அமெரிக்கப் போதகர்கள் சிறைமுகாம்களில் அடைக்கப்பட்டனர். சபைகள் உள்நாட்டுப் போதகர் கையிலும் பொதுமக்கள் கையிலும் விடப்பட்டன. சயாம் இரயில் பாதைக்குத் தோட்டத்து ஆடவர் பல்லாயிரவர் கொண்டுபோகப்பட்ட அந்நாட்களில், லயத்து வீட்டுத் திண்ணையில் மண்ணெண்ணெய் இல்லாமல் இருட்டில் செபம் சொன்னதாக முதியோர் கூற நான் கேட்டிருக்கிறேன்.

கட்டாயத்தால் நேர்ந்ததைப் பின்னர் ஒரு தலைமுறை விரும்பியே ஏற்கவும் முயன்றது. வெளிநாட்டுக் குருமார் இந்நாட்டில் தங்குவதற்கு வரம்பு விதிக்கப்பட்டிருந்த காலம் அது. 1955 முதல் கோலாலம்பூரின் ஆயராகவும் பின்னர் பேராயராகவும் இருந்த, இலங்கைத் தமிழ் மரபில் வந்த டொமினிக் வெண்டர்கனின் காலத்தில், 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்க ஆயர்களும் குருக்களும் ஜொகூரில் ஒரு மாத காலம் கூடினர். குருக்கள் குறைந்துபோனால் சபை என்னவாகும் என்று ஆராய்ந்து, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீட்டில் கூடும் சிறு கூட்டங்களைச் சபையின் அடிப்படையாக்க முனைந்தனர். தமிழில் இன்று அன்பியம் என்று வழங்குவது அதுதான். சில இடங்களில் அது உயிரோடு இயங்குகிறது. சில இடங்களில் கூட்டக் குறிப்பேட்டில் மட்டும் இயங்குகிறது. அமைப்பு ஒன்றே, வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ஏதோ ஒரு தெருவில் ஏதோ ஒருவர் கதவைத் தட்டுகிறார், மற்றொரு தெருவில் தட்டுவார் இல்லை.

இதற்கு எதிரான கருத்தொன்றும் உண்டு. அதனை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. இறைவனுக்கும் எனக்கும் இடையில் உள்ளது பக்தி. கூட்டத்தின் நலத்துக்கு நான் ஏன் பொறுப்பாதல் வேண்டும் என்று கற்றறிந்தோர் சிலர் கேட்பர். தனிமையில் இறைவனைத் தேடியோர் எல்லாச் சமயத்திலும் உளர். அவர்களை நான் குறை கூறேன். ஆனால் இக்கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் தனிமையைத் தேடியவர் அல்லர். மகள் திருமணத்தில் சபையார் எல்லாரும் வந்து நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பர். தந்தையார் இறந்த அன்று இரவு பத்து மணிக்குப் பாட்டுப் பாட ஆள் வரவில்லையே என்று வருந்துவர். அன்று வந்து பாடுவோர் தம் உறக்கத்தைக் கொடுத்தே பாடுகின்றனர். வாங்கும் அன்று கூட்டத்தாராகவும், கொடுக்கும் அன்று தனியராகவும் வாழ நினைப்பதைப் பக்தி என்று கூற எனக்கு நா எழவில்லை.

உறுப்பு செயலற்றுப் போவது ஒரு நோய் எனின், அது வீங்கிப் போவது இன்னொரு நோய். கல்லீரல் இயங்காவிடினும் கேடு, அளவுக்கு மீறிப் பருத்தாலும் கேடு. எங்கள் பக்கத்துச் சபைகளில் இருபது முப்பது ஆண்டுகளாகப் பொருளாளராகவே இருப்பவரைக் கண்டிருக்கிறேன். பணத்தில் ஒரு காசும் தவறியதில்லை. ஆனால் அலமாரிச் சாவி அவர் இடுப்பைவிட்டு இறங்கியதுமில்லை. ‘நான் இல்லாவிட்டால் யார் செய்வார்?’ என்று அவர் கேட்பது உண்மைதான். யாரும் செய்யக் கற்றுக்கொள்ளாதபடி பார்த்துக்கொண்டவரும் அவரே. உழைப்பாளியைக் குறை சொல்வது நன்றிகெட்ட செயலாகத் தோன்றும் என்பதால் இந்நோயைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. பேசாமையாலேயே இளைஞர் வெளியேறுகின்றனர்; வெளியேறியபின், இக்காலத்து இளைஞர்க்கு ஈடுபாடு இல்லை என்று அவர்மேலேயே பழி போடுகிறோம்.

உறுப்புகள் ஒன்றையொன்று வெறுப்பது எல்லாவற்றினும் கொடிய நோய். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயம், காற்சட்டையின் இரு கால்களைப்போல இரண்டு பிரிவுகளாக அமைந்தது. பீடம் ஒன்று, அதனை நோக்கி வரும் மண்டபம் இரண்டு. ஒரு மண்டபத்தில் வேளாளர் அமர்வர், மற்றதில் நாடார் அமர்வர். ஒருவர் முகம் ஒருவர்க்குத் தெரியாமல் ஒரே அப்பத்தை வாங்கி உண்டனர். 1910ஆம் ஆண்டளவில் குருமார் முயற்சியால் நடுச்சுவர் இடிக்கப்பட்டபோது வழக்குத் தொடுத்தவர்கள் உண்டு. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று, சுவரைக் கேட்டவர்க்கு எதிராகவே தீர்ந்தது. அச்சுவரைக் கட்டியது திருச்சபையா, கொத்தனாரா? பக்கத்தில் மண்டியிட மறுத்த ஒவ்வொரு முழங்காலும் அதில் ஒரு செங்கல் என்பேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அத்தகைய சுவரை நான் எந்தக் கோயிலிலும் கண்டதில்லை. ஆயினும் வழிபாடு முடிந்து தேநீர் அருந்தும் இடத்தில், புதிதாக வந்த இளைஞரிடம் ‘உங்களுக்கு ஊரில் எந்தப் பக்கம்?’ என்று கனிவோடு கேட்கும் குரலைக் கேட்டிருக்கிறேன். ஊரைப் பார்த்தே அறியாத நான்காம் தலைமுறைப் பிள்ளையிடம் அக்கேள்வி எதனைத் துழாவுகிறது என்பது கேட்பவர்க்கும் தெரியும், கேட்கப்பட்டவர்க்கும் தெரியும். யாழ்ப்பாணத்தார், இந்தியத் தமிழர், தோட்டத்தார், ஆங்கிலம் படித்தார் என்னும் கோடுகளும் அவ்வாறே தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே ஓடுகின்றன. இங்கே ஒரு தனி மனிதன் செய்யக்கூடியது சிறிது. ஆனால் அதனை அவன் மட்டுமே செய்ய முடியும். அக்கேள்வியைக் கேட்காதிருக்கலாம். கேட்பவர் தன் மாமனாராகவே இருப்பினும் பேச்சை மாற்றலாம்.

சபை ஐயத்தோடு பார்த்தவரே சபையைக் கட்டியதும் உண்டு. பாளையங்கோட்டையில் வாழ்ந்த குளோரிந்தா என்னும் மராட்டியப் பிராமணக் கைம்பெண்ணின் வரலாற்றை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று. ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்தமையால், அவர் ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்தார். அவ்வதிகாரி இறந்தபின் 1778இல்தான் கொடுத்தார். ஊராரின் சொல்லுக்கு ஆளான அப்பெண்மணியே பாளையங்கோட்டைச் சபையின் முதல் தூணாக நின்றார். 1780ஆம் ஆண்டின் பதிவேட்டில் அச்சபையார் நாற்பதின்மர். 1785இல் அவர் முயற்சியால் எழுந்த சிறு ஆலயத்தை மக்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தனர். வலுவற்ற உறுப்பே இன்றியமையாதது என்று பவுலடிகள் எழுதியதற்கு, நம் மண்ணில் இதனைவிடத் தெளிந்த உரை எனக்குக் கிடைக்கவில்லை.

கிள்ளானுக்கு மீண்டும் வருகிறேன். 1928இல் கட்டப்பட்ட லூர்து அன்னை கோயிலின் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த நகரம் அது. சுற்றிலும் இருந்த தோட்டங்களில் குருவானவர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபம் நடத்துவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டன. பிள்ளைகள் பலர் தமிழ்ப்பள்ளியில் பயிலவில்லை. அப்பகுதிச் சபை ஒன்றில், பதினைந்து வயதுப் பெண்ணொருத்தியை வேதபாடம் வாசிக்க அழைத்தனர். தமிழைப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ‘ழ’கரத்தில் தடுக்கி, ஒரு பெயரில் நின்று, முகம் சிவந்து உட்கார்ந்தாள். முன்வரிசையில் சிலர் சிரித்தனர். அவர்களுள் தமிழ்ப் பற்றைப் பற்றி மேடையில் பேசுவோரும் இருந்தமையை நான் மறைக்கப் போவதில்லை.

அடுத்த வாரம் அப்பெண்ணின் அருகில் ஒரு பாட்டி வந்து அமர்ந்தார். தோட்டத்தில் பால்மரம் சீவியவர், எழுத்து அறியாதவர். ஆனால் அறுபது ஆண்டுகள் காதால் கேட்ட வேதபாடம் அவருக்கு மனப்பாடம். அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பெண் அவ்வரியைப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிப்பாள். “அடுத்தது என்ன எழுத்து, எனக்குக் காட்டு” என்று பாட்டி கேட்பார். யார் யாருக்குக் கற்பிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சில மாதங்களில் அவள் தடையின்றி வாசித்தாள். பாட்டியும் தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். அச்சபையின் தமிழ் வழிபாடு இன்றும் நடைபெறுவதற்கு எத்தனையோ காரணங்கள் கூறலாம். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இவ்விருவரே.

2020 மார்ச்சு 18ஆம் நாள் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. திரையில் வழிபாடு நடத்தினோம்; தொழில்நுட்பம் தெரிந்த இளைஞரைப் பாராட்டினோம். இரண்டாம் வாரத்தில் ஒரு கேள்வி எழுந்தது: தனியாக வாழும் முதியோர் எத்தனை பேர், அவர்தம் தொலைபேசி எண்கள் யாரிடம் உள்ளன? அலுவலகப் பதிவேட்டில் இருந்தவற்றுள் பல பழைய எண்கள். பூ அலங்காரம் செய்யும் ஓர் அம்மையாரிடம் பதினேழு எண்கள் இருந்தன. அவர் எதற்காக வைத்திருந்தார் என்று கேட்டோம். ‘யார் வீட்டில் எப்போது செம்பருத்தி பூக்கும் என்று கேட்பதற்கு’ என்றார். அப்பதினேழு வீடுகளுக்கும் அரிசியும் மருந்தும் போய்ச் சேர்ந்தன.

கிள்ளானில் அவ்வம்மாவைக் கண்ட வாரமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கையில் என்ன கொண்டுபோவது என்று தெரியாமல் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டேன். கணவர் சுவரோரமாகப் பாயில் படுத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் அவர் பேச்சை மாற்றி, கூரை வேலை முடிந்ததா என்று விசாரித்தார்.

அங்கிருந்து நேரே, மறைந்த அப்பெரியவரின் மகள் வீட்டுக்குப் போய்க் குறிப்பேட்டைக் கேட்டேன். ஒன்றன்று, பழைய பிஸ்கட் டின் நிறைய இருந்தன. பக்கத்திற்கு ஒரு ஞாயிறு. தேதி, அதன்கீழ்ப் பெயர்கள். சென்று பார்த்துவந்த பெயருக்கு எதிரே ஒரு சிறு புள்ளி. வேறு குறிப்பு ஒன்றும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் ஏட்டில் என் பெயரைக் கண்டேன். மூன்று ஞாயிறுகள் தொடர்ந்து எழுதியிருந்தார். சபைக்குழுவில் ஒருவரோடு பூசலிட்டுக்கொண்டு இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று நான் வீட்டில் இருந்த காலம் அது. மூன்றாம் பெயருக்கு எதிரே புள்ளி இருந்தது. அவர் வந்ததும் நினைவிருக்கிறது. திண்ணையில் அமர்ந்து தேநீர் குடித்துவிட்டு, தேர்வுத்தாள் திருத்தும் வேலை கடினமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். முருங்கைக்காய் கொடுக்க வந்தார் என்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன்.